எஞ்சினியர் லலிதா அம்மையார் சரிதம்

உலகத்தில் நாம் நாள்தோறும் கையாளும் கருவிகள் எத்தனையோ உள. விடியற்காலையில் அடுப்பு மூட்டுவது முதல் இரவில் விளக்கணைப்பது வரையில் அவற்றின் துணையின்றி நமக்கு ஒரு நாழிகையும் கழிவதில்லை. ஆயினும் இன்ன பொருளை முதன்முதல் எண்ணிச் செய்தவர் யாவர் என்று நாம் வினவுவதில்லை. வினவினாலும், யாரோ சாமர்த்தியசாலியான புருஷன் ஒருவன் என்றே நம் மனம் விடை கூறிக்கொள்ளும். அடுக்களையில் தலைமுறை தலைமுறையாக நின்று உழைத்தவர் பெண்மக்கள். அங்குள்ள கருவிகளின் குறைகளைத் தம் கண்ணாலும் கையாலும் இடுப்பாலும் அறிந்தவரும் அவரே. அக்குறைகளை நீக்கும் உபாயத்தை எண்ணியவரும் அவருள் பலர் இருந்திருத்தல் வேண்டும். அவர்தம் பெயர்கள் ஏட்டில் ஏறியது மட்டும் மிகச் சொற்பம்.

இம்மாதம் நாம் சரிதம் எழுத எடுத்துக்கொண்ட லலிதா அம்மையார், அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் பிறந்து, இந்தியப் பெண் எஞ்சினியர்களுள் முதலாமவராக வைத்து எண்ணப்படுபவர். அவர் நம் வகுப்பினர் அல்லர். தெலுங்கு பேசும் குடும்பத்தில் தோன்றியவர். நம் சங்கத்துப் பத்திரிகையில் பிற வகுப்பாருடைய சரிதம் எதற்கு என்று பெரியோர் சிலர் கேட்கவும் கூடும். பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவனை இழந்த பெண்ணுக்கு அவள் பிறந்தகத்தார் செய்யத்தக்கது யாது என்ற கேள்வி எந்த வகுப்புக்கும் தனிச்சொத்தாகாது. அக்கேள்விக்கு ஒரு தந்தையாரும் அவர் மகளாரும் அளித்த விடையே இச்சரிதம். ஆகவே எழுதத் துணிந்தோம்.

முன்னதாக, பேடண்டு என்று வழங்கும் காப்புரிமையைப் பற்றிச் சிறிது சொல்லிக்கொண்டு மேற்செல்வோம். புதிய கருவி ஒன்றைக் கண்டவர், அதன் அமைப்பையும் செய்முறையையும் ஒளிக்காமல் எழுதிச் சர்க்காரிடம் ஒப்புவித்தல் வேண்டும். அதற்குக் கைம்மாறாகச் சர்க்கார், குறித்த காலம் வரையில் அதனைச் செய்யவும் விற்கவும் அவருக்கே தனியுரிமை தரும். தவணை தீர்ந்தபின் அஃது உலகத்தார்க்குப் பொதுவாகிவிடும். நம் தேசத்தில் இவ்வுரிமை 1856ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தால், 14 ஆண்டுத் தவணையுடன் முதன்முதல் ஏற்பட்டது. இப்பொழுது தவணை 20 ஆண்டு. சட்டம் பிறந்த சில நாட்களுக்குள்ளாகவே கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் எஞ்சினியர் விண்ணப்பம் போட்டார். அவர் கண்ட கருவி யாதெனில், துரைமாரின் தலைக்குமேல் ஆடும் பங்காவை இழுக்கும் யந்திரம்! இந்தியாவில் முதல் விண்ணப்பமே வீட்டுச் சௌகரியத்தைப் பற்றியதாக இருந்தது வேடிக்கைதான்.

அதே 1856ஆம் ஆண்டில்தான் 15ஆம் சட்டமாக ஹிந்து விதவைகளின் மறுமணச் சட்டமும் நிறைவேறியது. இவ்விரண்டு சட்டங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் நாம் எழுதும் சரிதத்தில் இரண்டு பொருள்களும் வந்து கூடுகின்றமையால் இங்குக் குறித்தோம். சட்டப்புத்தகத்தில் ஏறியபின்னும் நெடுங்காலம் இவ்விரண்டின் பயனும் நம் பெண்மக்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

மேல்நாட்டிலாவது பெண்கள் இவ்வுரிமையை எளிதிற் பெற்றார்களோ என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 1838ஆம் ஆண்டு பிறந்த மார்கரெட் நைட் என்ற மாது, இளமையில் பஞ்சாலையிலே வேலை செய்து வயிறு வளர்த்தவர். பின்னர்க் காகிதப்பை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் யந்திரத்தாற் செய்த பைகள் தபால் உறைபோல் அடி ஒட்டியிருக்குமேயன்றி, சதுர அடியுடன் நிற்பவை அல்ல. நிற்கும் பை வேண்டுமானால் கையாலேயே மடித்து ஒட்டவேண்டும். காகிதத்தைத் தானே வெட்டி, மடித்து, ஒட்டி, தட்டையான அடியுடன் பையாக்கித் தள்ளும் யந்திரத்தை அம்மாது எண்ணி, முதலில் மரத்தால் மாதிரி செய்தார். பிறகு அதனை இரும்பில் வார்ப்பிக்கும் பொருட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கு அதனைக் கண்ட சார்லஸ் ஆனன் என்பவர், அது தம் சொந்தக் கண்டுபிடிப்பென்று காப்புரிமை வாங்கிக்கொண்டார். வழக்கு நடந்தது. பெண்பாலார் ஒருவர் இத்துணைச் சிக்கலான யந்திரத்தின் சூட்சுமத்தை அறிந்திருக்க முடியாதென்பதே எதிர்க்கட்சியின் வாதம் என்பர். நைட் அம்மையார் தாம் வரைந்த படங்களையும், நாட்குறிப்புக்களையும், சாட்சிகளையும் ஒருங்கே கொணர்ந்து நிறுத்தி வென்றார். 1871ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் அவர் பெயருக்கே உரிமை பதிவாயிற்று. நம் மாடவீதிக் கடைகளில் பொட்டலம் மடித்து நூல் சுற்றுவதற்குப் பதிலாக இன்று கொடுக்கும் அடிதட்டையான காகிதப்பைக்கு மூதாய் அந்த யந்திரமே.

இன்னொருவர் ஜோஸபின் காக்ரேன். இல்லினாய் மாகாணத்துச் செல்வக் குடும்பத்தினர். வேலைக்காரர்கள் பரம்பரைப் பீங்கான் தட்டுக்களை விளக்கும்போது மூளியாக்குவதைப் பொறாமல், பாத்திரம் விளக்கும் யந்திரம் ஒன்றை எண்ணத் தொடங்கினார். பொழுதுபோக்காகத் தொடங்கியது அவ்வாறே முடிந்திருக்கலாம். 1883ஆம் ஆண்டு அவர் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்தார். அதன்மேல் அந்த யந்திரமே அவருக்குப் பிழைக்கும் வழியாயிற்று. கம்பிச் சட்டங்களில் தட்டுக்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் சோப்புநீரை வேகமாகப் பீச்சியடிக்கும் அக்கருவிக்கு 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அதனை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்களே. 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரத்துப் பெரும் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றது. விவேகானந்த சுவாமிகள் சொற்பெருக்காற்றிய சர்வமத மகாசபையும் அதே நகரத்தில், அதே ஆண்டில், அப்பொருட்காட்சியை ஒட்டியே கூடியதென்பது நம் வாசகர்க்கு நினைவிருக்கும். அச்சபையைப் பற்றி நாம் நூறுமுறை படித்திருக்கிறோம். பொருட்காட்சியில் ஒரு கைம்பெண்ணின் கருவி நின்றதைப் படித்ததில்லை.

நம் நாட்டில் கணவனை இழந்த பெண்ணின் நிலை எத்தகையது என்பதை நாம் விரித்துக் கூறவேண்டுவதில்லை. நம்மூர்த் தேரடி வீதியிலும் மாடவீதிகளிலும் இருந்த பழைய நீண்ட வீடுகளை நினைத்துக்கொள்க. முன்கட்டில் திண்ணை, கூடம், ஊஞ்சல். பின்கட்டில் அடுக்களை, கிணறு, மாட்டுக்கொட்டில். அப்பின்கட்டில் வெள்ளைப்புடவையும் வெறும் நெற்றியுமாக அடுப்பூதிக்கொண்டிருந்த அத்தையையோ பெரிய பாட்டியையோ அறியாத குடும்பம் நம்மில் அரிது. கார்த்திகைத் தீபத்துக்கு ஊரெல்லாம் ஜனத்திரள் கூடும். உறவினர் வீடு நிறைய வந்து இறங்குவர். மழைமாதமாதலின் விறகெல்லாம் ஈரம். கோட்டையடுப்பில் பெரிய தவலை ஏற்றி, ஊதாங்குழலால் ஊதி ஊதி, கண் சிவந்து நீர் வடிய, பொரியுருண்டைக்குப் பாகு காய்ச்சியும் அப்பம் சுட்டும் அவர்கள் நிற்பர். மலையுச்சியில் தீபம் ஏற்றியவுடன் மற்றையோர் எல்லாரும் வாசலுக்கு ஓடிக் கைகூப்புவர். மங்கல காரியத்தில் முன்னே வரலாகாது என்று அவர்கள் மட்டும் பின்கட்டு முற்றத்திலிருந்தே அண்ணாந்து பார்ப்பர். இவ்வழக்கத்தை வகுத்தவர் எவராயினும் ஆகுக. நடத்தி வந்தவர் நாமே.

இத்தகைய காலத்தில், 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், சென்னையில் லலிதா பிறந்தார். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டி எஞ்சினியரிங் கலாசாலையில் மின்சாரத் துறைப் பேராசிரியர். ஏழு குழந்தைகளுள் லலிதா ஐந்தாமவர். பிள்ளைகள் எஞ்சினியர் படிப்புப் படித்தனர். பெண்களுக்கு ஆரம்பக் கல்வியோடு நின்றது. கற்றறிந்த பேராசிரியர் வீட்டிலும் அக்காலத்து வழக்கம் அதுவே. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைக் குறைந்தது 14 என்று வகுத்திருந்தது. லலிதாவுக்கு 1934ஆம் ஆண்டில், 15 வயதில் விவாகம் நடந்தது. விவாகத்துக்குப் பின்னும் மகள் பத்தாம் வகுப்பை முடிக்கவேண்டுமென்று தந்தையார் பிடிவாதமாக நின்றார். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் என்ன விடை சொன்னாரோ, அந்தப் பத்தாம் வகுப்புத்தான் மூன்று ஆண்டுகளுக்குப்பின் அவளைக் காத்தது.

1937ஆம் ஆண்டு லலிதாவுக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. நான்கு மாதத்துக்குள் கணவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 18.

இவ்விடத்தில் எத்தனையோ சரிதங்கள் முடிந்துவிடுகின்றன. முடிந்தபின் நாற்பது ஐம்பது ஆண்டு காலம் அவ்வுயிர் பின்கட்டில் நடமாடும். எழுதுவதற்கு ஒன்றும் இராது. லலிதாவின் தந்தையாரோ மகளைப் பிறந்தகத்துக்கு அழைத்து, மேலே படிக்கவைப்பதென்று துணிந்தார். சென்னையில் அதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. இளமையிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1911ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, தம்மைப்போன்ற பெண்களுக்கு விடுதி ஏற்படுத்திப் படிப்பித்து வந்தார். 1914ஆம் ஆண்டில் தோன்றிய ராணி மேரி கலாசாலையும் கடற்கரையில் இருந்தது. அங்கே சேர்ந்து லலிதா இண்டர்மீடியட் பரீக்ஷையில் முதல் வகுப்பில் தேறினார்.

மேற்கொண்டு என்ன படிப்பது? அக்காலத்துப் பெண்களுக்குத் திறந்திருந்த வாயில்கள் உபாத்திமைத் தொழிலும் வைத்தியமுமே. வைத்தியத்தைப் பற்றி லலிதா நன்கு யோசித்தார். நடுநிசியில் நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினால், உறங்கும் குழந்தையை விட்டுவிட்டு ஓடவேண்டுமே! அது தமக்கு ஒவ்வாது என்று விலக்கினார். காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பக்கூடிய தொழில் வேண்டும், குழந்தையையும் வளர்க்கவேண்டும், யாருடைய தயவிலும் உண்ணலாகாது. தந்தையும் தமையன்மாரும் வீட்டில் நாள்தோறும் பேசிய விஷயம் மின்சாரம். ஆதலின் மின்சார எஞ்சினியரிங்கே படிப்பதென்று முடிவு செய்தார். புகழ் வேண்டியோ புதுமை வேண்டியோ இவர் இவ்வழியிற் புகவில்லை. ஒரு தாய் தன் குழந்தைக்காகப் போட்ட கணக்கு இது. அக்கணக்கு இவரை எந்தப் பெண்ணும் புகாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திற்று.

கிண்டிக் கலாசாலை 1794ஆம் ஆண்டில் நிலமளக்கும் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக அங்கு ஒரு பெண்ணும் மாணவியாக அடியெடுத்து வைத்ததில்லை. சுப்பாராவ் அவர்கள் கலாசாலைத் தலைவராகிய கே. சி. சாக்கோ அவர்களிடத்தும், கல்வி இலாகா டைரக்டராகிய ஆர். எம். ஸ்டாத்தம் துரையிடத்தும் மகளுக்காக விண்ணப்பம் செய்துகொண்டார். இருவரும் தடை சொல்லாமல் இசைந்தனர். வழக்கமில்லை என்ற ஒரு வார்த்தையால் இவ்விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவது அவர்களுக்கு மிக எளிதாயிருந்திருக்கும். அவ்வாறு செய்யாமையால் அவ்விருவர் பெயரையும் நாம் நன்றியுடன் எழுதுகிறோம். 1940ஆம் ஆண்டில் லலிதா கலாசாலையிற் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண். தங்குவதற்குத் தனியிடம் ஏற்படுத்தினர். குழந்தை, நகரத்திலிருந்த சகோதரர் குடும்பத்தில் வளர்ந்தது. வார இறுதியில் தாய் சென்று பார்த்து வருவார். மாணவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டனர், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் மாலையில் வகுப்பு முடிந்தபின் வாய்விட்டுப் பேசுவதற்கு ஒரு துணை இல்லை. இதனை உணர்ந்த தந்தையார், கலாசாலையில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யும்படி அதிகாரிகளை ஏவினார். அதனைக் கண்டு லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் மலையாள தேசத்துப் பெண்கள் இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தனர். அவர்கள் வந்தது பின்னர். ஆயினும் யுத்தகாலமாதலின் படிப்புக் காலம் சுருக்கப்பட்டு, மூவரும் 1943ஆம் ஆண்டில் ஒருசேரப் படிப்பை முடித்தனர். இத்திரேசியா அம்மையார் 1971ஆம் ஆண்டில் கேரள ராஜ்யத்தின் பொதுமராமத்து இலாகாவுக்குத் தலைமை எஞ்சினியராக உயர்ந்தார். தனியாயிருக்கும் தம் மகளுக்குத் துணை தேடி ஒரு தந்தை செய்த ஏற்பாடு எதுவரைக்கும் சென்றது பாருங்கள்.

லலிதாவின் பட்டப் பத்திரத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சர்வகலாசாலையார் அச்சிட்டு வைத்திருந்த பத்திரங்களில், பட்டம் பெறுபவர் ஆண்மகன் என்றே வாசகம் அமைந்திருந்தது. வேறு வாசகம் வேண்டியிருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆதலின் அவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கையால் அடித்து, அவள் என்று பொருள்படும் சொல்லை மையால் எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கப் பத்திரங்களில் அடித்தல் திருத்தல் கூடாதென்பர். இந்த ஒரு திருத்தம் மட்டும் கூடியது.

பட்டத்துக்கு வேண்டிய தொழிற்பயிற்சியை வங்காளத்தை அடுத்த பீகார் மாகாணத்தில், ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையிற் பெற்றார். 1862ஆம் ஆண்டில் ஏற்பட்ட பழமையான பட்டறை அது. அங்கு ஓராண்டு கழித்து, சிம்லாவிலிருந்த மத்திய தர நிர்ணய ஸ்தாபனத்தில் எஞ்சினியரிங் உதவியாளராக அமர்ந்தார். சகோதரர் ஒருவர் அவ்வூரில் குடியிருந்தமையால் குழந்தையுடன் அங்கே தங்க முடிந்தது. இவர் எந்த உத்தியோகத்தை ஏற்றபோதும் சம்பளத்தைக் கேட்குமுன், அவ்வூரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உற்றார் உண்டா என்பதையே முதலில் நோக்கினார் என்பது இவர் சென்ற இடங்களைக் கொண்டே விளங்கும். இக்காலத்தில் லண்டன் மின்சார எஞ்சினியர் ஸ்தாபனத்தின் பரீக்ஷையையும் எழுதித் தேறினார்.

பின்னர், தந்தையாரின் விருப்பத்துக்கிணங்கிச் சிம்லா வேலையை விட்டுச் சென்னைக்குத் திரும்பினார். ஏறக்குறைய ஒன்பது மாதம் தந்தையாரின் ஆராய்ச்சிகளில் உடனிருந்து உழைத்தார். நாம் இச்சரிதத்தில் தங்கி நிற்க விரும்பும் இடம் இதுவே. அவ்வாராய்ச்சிகள் மூன்று பொருளைப் பற்றியன. மின்சாரத்தால் இசைக்கும் ஜெலெக்ட்ரோமோனியம் என்ற வாத்தியம் ஒன்று. மின்சாரத்தைக்கொண்டு சுவாலை உண்டாக்கும் கருவி ஒன்று. மற்றொன்று புகையில்லாத அடுப்பு. வாத்தியம் கச்சேரிக்கு ஆகும். சுவாலைக் கருவி தொழிலுக்கு ஆகும். புகையில்லாத அடுப்போ, தேசத்தில் அடுக்களை உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் ஆவது.

புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகே. விறகு சூடேறும்போது அதிலிருந்து பலவகை ஆவிகள் கிளம்புகின்றன. போதிய காற்றும் போதிய வெப்பமும் இருந்தால் அவை சுவாலையாய் எரிந்துபோம். ஈரவிறகானால் வெப்பத்தின் பெரும்பங்கு ஈரத்தை வற்றச்செய்வதிலேயே செலவாகும். சுவாலை எழுந்தவுடனே குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் மோதினாலும் பாதியிலே அணைந்து கரியாகப் படியும். மூன்று கல் வைத்த அடுப்பிலும், நம் வீட்டுக் கொடியடுப்பிலும் காற்று தன்னிஷ்டப்படி வருகிறது. புகையும் தன்னிஷ்டப்படி போகிறது. பெரும்பாலும் ஊதுகிறவள் முகத்தை நோக்கியே போகிறது! இதனைத் தீர்க்க, நெருப்பை நாற்புறமும் அடைத்து, காற்று புகும் வாயை அளவாக்கி, மறுபுறம் உயரமான புகைபோக்கி வைக்கவேண்டும். போக்கியிலுள்ள சூடான காற்று இலேசாகி மேலெழும்ப, அதனிடத்தை நிரப்பப் புதிய காற்று தானே அடுப்பினுள் இழுபடும். ஊதாங்குழல் வேண்டியதில்லை. கேட்பதற்கு எளிது. மலிவாகவும், எந்த விறகுக்கும் ஏற்றதாகவும், நம் பாத்திரங்களுக்குப் பொருந்தியதாகவும் செய்வது அரிது.

அரிது என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சிகளே சாட்சி. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பொன்றை வகுத்து 1953ஆம் ஆண்டில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். 1980ஆம் ஆண்டுகளில் இந்திய சர்க்கார் தேசமெங்கும் சீர்திருத்திய அடுப்புக்களைப் பரப்பும் திட்டம் வகுத்தது. 2016ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல்வாயு இணைப்பு அளிக்கும் திட்டம் வந்தது. இத்தனைக்குப் பின்னும் 2020ஆம் ஆண்டில் வீட்டடுப்புப் புகையால் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டிருக்கலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் பாட்டிமாரின் இருமலையும் கண்புரையையும் வயதின் கோளாறென்று சொல்லிக் கழித்தோமே, அவற்றுள் எத்தனை அடுப்பினால் வந்தவையோ!

இளம் வயதிற் கைம்பெண்ணாகி, அக்கால நியாயப்படி பின்கட்டு அடுப்பின்முன் உட்கார்ந்திருக்க வேண்டியவர் லலிதா. அதே அடுப்பின் புகையை எவ்வாறு போக்குவது என்று எஞ்சினியராக ஆராய்ச்சி அறையில் நின்று யோசித்தார். இதனைக் காட்டிலும் பெரிய மாறுதலை நாம் எண்ணிப்பார்க்க முடியவில்லை. எனினும் அவ்வாராய்ச்சிகள் இன்றளவும் தந்தையார் பெயராலேயே சொல்லப்படுகின்றன. மகள் உதவினார் என்ற ஒரு சொல்லோடு வரலாறு கடந்துபோகிறது. தந்தையாரை நாம் குறை கூறோம். அவரில்லையேல் இச்சரிதமே இல்லை. ஆராய்ச்சி அவர் தொடங்கியது, பெயரும் அவரதே. ஆனால் உதவுதல் என்னும் அச்சொல்லினுள் என்னென்ன அடங்கும் என்பதை நம் குடும்பத்துப் பெண்மக்கள் நன்கறிவர். கடையில் கணக்கெழுதுவதும், பண்டத்தின் பக்குவம் கண்டு சொல்வதும், தறியில் நூல் இழைப்பதும் எல்லாம் உதவிதான். பெயர்ப்பலகையில் ஒரு பெயரே இருக்கும். நைட் அம்மையார் தம் படங்களையும் குறிப்புக்களையும் பத்திரப்படுத்தி வைத்திராவிட்டால் அவரும் ஆனன் என்பவருக்கு உதவியவராகவே ஏட்டில் நின்றிருப்பார்.

ஒன்பது மாதத்துக்கு மேல் லலிதாவால் அவ்வாராய்ச்சியில் நிற்க இயலவில்லை. காரணம் பணமே. மகளை வளர்க்கவேண்டும், படிப்பிக்கவேண்டும். புகையில்லாத அடுப்பைக் கண்டுபிடிக்கலாம். உலையில் போட அரிசி வேறு தேடவேண்டுமல்லவா? 1948ஆம் ஆண்டில் அஸோஸியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பிரிட்டிஷ் கம்பெனியின் கல்கத்தா கிளையில் எஞ்சினியராக அமர்ந்தார். அங்கும் சகோதரர் ஒருவர் இருந்தார். அவர் குடும்பத்தில் குழந்தை வளர்ந்தது. மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் கம்பிப் பாதைகளையும், உபநிலையங்களின் அமைப்பையும் திட்டமிடுவது இவர் வேலை. அவ்வேலைகளுள் பிரசித்தமானது பக்ராநங்கல் அணைக்கு வேண்டிய மின்சார ஜெனரேட்டர்களைப் பற்றியது. சட்லெஜ் நதியின் குறுக்கே 226 மீட்டர் உயரம் எழும்பிய அவ்வணையை 1963ஆம் ஆண்டு பண்டித நேரு தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். அவ்வணையிலிருந்து ஒளி பெற்ற பாஞ்சாலத்து வீடுகளில், சென்னைக் கைம்பெண் ஒருவரின் கைக்கணக்கும் அதில் உண்டென்று யார் அறிவார்?

1953ஆம் ஆண்டில் லண்டன் மின்சார எஞ்சினியர் ஸ்தாபனம் இவரைத் துணை அங்கத்தினராகவும், 1966ஆம் ஆண்டில் முழு அங்கத்தினராகவும் ஏற்றது. 1964ஆம் ஆண்டில் பெண் எஞ்சினியர்களும் விஞ்ஞானிகளும் கூடிய முதல் சர்வதேச மகாநாடு நியூயார்க் நகரத்தில் நடைபெற்றது. அப்பொழுது இந்தியாவில் அத்தகையோருக்கென்று சங்கமே இல்லாமையால், எந்தச் சபையின் பிரதிநிதியாகவுமின்றித் தாமாகவே சென்று கலந்துகொண்டார். அடுத்த ஆண்டில் லண்டன் பெண் எஞ்சினியர் சங்கத்தில் அங்கத்தினரானார். இரண்டாவது மகாநாடு 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கூடியபோது, இந்தியப் பெண் எஞ்சினியர்களுக்கு அச்செய்தியைத் தெரிவித்து, அவர்களையும் அனுப்பிவைக்கும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார். கிண்டியில் ஒற்றைப் பெண்ணாய்த் துணையின்றி உட்கார்ந்திருந்த நாட்களை அவர் மறக்கவில்லை போலும். சங்கம் என்பதன் அருமை, அதில்லாமல் தவித்தவர்க்கே தெரியும்.

லலிதா அம்மையார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1856ஆம் ஆண்டின் சட்டம் இவருக்கும் இடம் கொடுத்தே இருந்தது. இவர் அதனை நாடவில்லை. மகளை நன்கு படிப்பித்து விவாகமும் செய்வித்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுக்காலம் அக்கம்பெனி வேலையிலே இருந்து, 1977ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அதன்பின் சகோதரி ஒருவருடன் தென்னாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்த்து வந்தார். நீண்ட ஓய்வு அவருக்கு வாய்க்கவில்லை. 1979ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், அறுபதாவது வயதில் காலமானார். கையால் அடித்துத் திருத்திய அப்பட்டப் பத்திரம் அவர் குடும்பத்தாரிடம் இருந்து வந்தது.